நடுநிலைக் கண்ணாடி

புகைப்படப் பித்துப் பிடித்தவர்களின் பையைத் துழாவினால் ஒரு கறுப்புக் கண்ணாடி அகப்படும். வட்டமாக இருக்கும், அல்லது சதுரமாக இருக்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாலும் எதிரே இருப்பது சரியாகப் புலப்படாது. காமிராவின் கண்ணுக்கு முன்னால் அதை மாட்டிவிட்டால், காமிராவும் பாதிக் குருடாகிவிடும். வெளிச்சத்தைத் தேடி அலைவதுதான் புகைப்படக்காரனின் பிழைப்பு என்று எண்ணியிருப்பவர்களுக்கு இது வேடிக்கையாகத் தோன்றும். கிடைத்த வெளிச்சத்தைத் தடுப்பதற்காக ஒருவன் ஆயிரக்கணக்கில் ரூபாய் கொடுத்து ஒரு கண்ணாடி வாங்குவானா? வாங்குகிறான். வாங்கியதைப் பட்டுத் துணியில் சுற்றிக் குழந்தையைப் போல வைத்துக் காப்பாற்றவும் செய்கிறான்.

இதற்கு ஆங்கிலத்தில் 'நியூட்ரல் டென்ஸிட்டி ஃபில்டர்' என்று பெயர். நடுநிலை வடிகட்டி என்று நாம் வைத்துக்கொள்வோம். சிவப்புக் கண்ணாடி சிவப்பை விட்டு மற்றதைத் தடுக்கும். மஞ்சள் கண்ணாடி நீலத்தின் மேல் பகை கொண்டது. இந்தக் கறுப்புக் கண்ணாடிக்கு அந்த ஓரவஞ்சனை கிடையாது. எல்லா நிறங்களையும் ஒரே அளவில் குறைத்து உள்ளே விடும். அதனால்தான் 'நடுநிலை' என்ற கௌரவப் பட்டம்.

கணக்கு மிகவும் எளிது. வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்தால் ஒரு 'ஸ்டாப்' என்பார்கள். அந்தப் பாதியை மறுபடி பாதியாக்கினால் இரண்டு ஸ்டாப். மூன்று ஸ்டாப் கண்ணாடி எட்டில் ஒரு பங்கை உள்ளே விடும். ஆறு ஸ்டாப் கண்ணாடி 64-ல் ஒரு பங்கை விடும். பத்து ஸ்டாப் கண்ணாடி 1,024-ல் ஒரு பங்கை மட்டும் விடும். சதுரங்கக் கட்டங்களில் தானியத்தை இரட்டித்து இரட்டித்து வைக்கச் சொல்லி ஒரு புலவன் ராஜாவின் களஞ்சியத்தைக் காலி பண்ணிய கதை எல்லோருக்கும் தெரியும். அந்தக் கணக்கைத் தலைகீழாகப் போட்டால் இந்தக் கண்ணாடி. விடியற்காலையில் கால் விநாடியில் எடுத்து முடிக்க வேண்டிய படத்தைப் பத்து ஸ்டாப் கண்ணாடி மாட்டி எடுத்தால் 256 விநாடிகள், அதாவது 4 நிமிஷம் 16 விநாடி, காமிராவின் கதவைத் திறந்து வைத்திருக்க வேண்டும். அதுவரை முக்காலியின் மேல் காமிரா ஆடாமல் அசையாமல் இருக்க வேண்டும். கண்ணாடியை மாட்டிய பிறகு ஒன்றும் தெரியாதாகையால், எதை எடுப்பது, எங்கே நிறுத்துவது என்பதையெல்லாம் முன்பே தீர்மானித்துவிட்டுப் பிறகுதான் மாட்ட வேண்டும். அப்புறம் படம் எடுப்பவனுக்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கைகட்டி நிற்கவேண்டியதுதான்.

எதற்காக இத்தனை பாடு? அந்த நாலு நிமிஷத்தில் அருவி பட்டுத் துணியாகிவிடும். மேகம் சாமரமாக இழுபடும். அலையடிக்கும் கடல் பாலாகவோ பனியாகவோ உறைந்துவிடும். சினிமாக்காரர்கள் இதே கண்ணாடியை வேறு காரியத்துக்கு உபயோகிக்கிறார்கள். நட்ட நடுப்பகலில் கதாநாயகியின் முகத்தை மட்டும் தெளிவாக வைத்துப் பின்னாலுள்ள மரங்களைக் கலைத்துக் காட்ட வேண்டுமானால், லென்ஸின் வாயை அகலத் திறக்க வேண்டும். திறந்தால் வெளிச்சம் கொட்டும். அதைக் குறைக்கக் கண்ணாடி. நான் சொல்ல வந்தது அதைப் பற்றி அல்ல. கடலைப் பாலாக்கும் வித்தையைப் பற்றித்தான்.

என் நண்பர் ஒருவரின் பிள்ளை இந்த வித்தையில் ஆழ்ந்து போயிருக்கிறான். கெட்டிக்காரப் பையன். தன் சம்பாத்தியத்தில் வாங்கிய காமிராவைத் தூக்கிக்கொண்டு கோழி கூவுமுன் கடற்கரைக்குப் போய்விடுவான். அவன் எடுத்த படம் ஒன்றைச் சட்டம் போட்டு என்னிடம் காட்டக் கொண்டு வந்திருந்தான். ஒரு மீனவர் குப்பத்தின் கரை. மணலில் ஏற்றி வைத்த நாலைந்து படகுகள், ஒரு வலைக் குவியல், ஒற்றைத் தென்னை. கடல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெண்மை. அதற்கு மேல் ஆகாயம். அழகான படம். இப்போதும் சொல்கிறேன், அது அழகான படந்தான். கீழே சின்ன எழுத்தில் 'அமைதி' என்று பெயர் எழுதியிருந்தான்.

நான் அதைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த சமயம் வாசலில் மீன்காரக் கிழவி வந்தாள். பல வருஷங்களாக எங்கள் தெருவுக்கு வருகிறவள். கூடையை இறக்கி வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"இது எங்க கரை மாதிரி இருக்குதே?"

"உங்க கரைதான் ஆயா" என்றான் பையன் பெருமையாக. "போன மாசம் எடுத்தேன்."

கிழவி படத்தைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தாள்.

"என்னைக்கு எடுத்தே தம்பி? புயல் கூண்டு ஏத்தினாங்களே, அன்னைக்கா?"

"இல்லை ஆயா, நல்ல நாள்தான். வானம் பளிச்சென்று இருந்தது."

"பின்னே ஆளுங்க எங்கே?"

"ஆளுங்க இருந்தாங்க. நிறையப் பேர் இருந்தாங்க. எல்லாரும் நகர்ந்துகிட்டே இருந்தாங்களா, அதனாலே படத்திலே விழலை."

"வேலைன்னா நகரத்தானே செய்வாங்க?" என்றாள் கிழவி. அவளுக்குக் கோபமில்லை, கேலியுமில்லை. விஷயம் விளங்காமல்தான் கேட்டாள். மீனை நிறுத்துப் போட்டுக் காசை முடிந்துகொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள்.

பையன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. விடியற்காலைக் கடற்கரையில் மனிதர் எவரும் இல்லை என்றால், பட்டணத்துப் பையன் அதை அமைதி என்று படிக்கிறான். கரையில் பிறந்து கரையில் வளர்ந்த ஒருத்தி அதை ஆபத்து என்று படிக்கிறாள். ஆள் இல்லாத கரைக்கு அவள் அகராதியில் இரண்டு மூன்று அர்த்தங்கள்தாம் உண்டு. அவற்றில் ஒன்றுகூட நல்ல அர்த்தம் அல்ல. 2004-ஆம் வருஷம் டிசம்பர் 26-ஆம் தேதிக்குப் பிறகு நம் கிழக்குக் கரையில் பல குப்பங்கள் அப்படித்தான் கிடந்தன. படகு உண்டு, மணல் உண்டு, கடலும் சாதுவாகத்தான் இருந்தது; இறங்குவதற்குத்தான் ஆள் இல்லை.

'நீ எடுத்தது பொய்ப் படம்' என்று நான் சொல்லிவிடுவேன் என்று பையன் எதிர்பார்த்தான் போலிருக்கிறது. நான் வாயைத் திறக்குமுன்பே வாதாட ஆரம்பித்துவிட்டான்.

"மாமா, கண் பார்க்கிற மாதிரியே காமிராவும் பார்க்க வேண்டும் என்று சட்டமா? 1878-இல் அமெரிக்காவில் மைபிரிட்ஜ் என்பவர் குதிரை ஓடுவதை வரிசையாகப் பன்னிரண்டு காமிரா வைத்து எடுத்தார். அதுவரை ஓவியர்கள் எல்லாரும் முன்னங்கால் முன்னாலும் பின்னங்கால் பின்னாலும் நீட்டிக்கொண்டு பறக்கிற மாதிரித்தான் வரைந்தார்கள். குதிரையின் நாலு காலும் தரையை விட்டுக் கிளம்புகிற க்ஷணத்தில் கால்கள் வயிற்றுக்கு அடியில் மடங்கித்தான் இருக்கின்றன என்று அந்தப் படங்கள் காட்டின. எந்தக் கண்ணும் அதைப் பார்த்ததில்லையே, அதைப் பொய் என்று யாராவது தள்ளினார்களா? அவர் காலத்தை வெட்டிக் காட்டினார். நான் நீட்டிக் காட்டுகிறேன்."

நல்ல வாதம். இதற்கு எதிர்வாதம் செய்ய ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு பெரிய மனிதர் துணை உண்டு. பிரெஞ்சுச் சிற்பி ரோடான், பால் க்ஸெல் என்பவரோடு நடத்திய சம்பாஷணைகள் 1911-இல் புத்தகமாக வெளிவந்தன. அதில் அவர், கலைஞன்தான் உண்மை சொல்கிறான், புகைப்படம் பொய் சொல்கிறது என்றே வாதிக்கிறார். ஏனென்றால் உலகத்தில் காலம் நிற்பதில்லை என்பது அவர் கட்சி. அவர் செய்த ஸ்நானக யோவானின் சிலையைப் பாருங்கள். நடந்து வருகிறார்; ஆனால் இரண்டு பாதங்களும் தரையில் முழுக்கப் பதிந்திருக்கின்றன. எந்த மனிதனும் அப்படி நடப்பதில்லை. பின்னங்கால் ஊன்றிய க்ஷணத்தையும் முன்னங்கால் ஊன்றிய க்ஷணத்தையும் ஒரே உடம்பில் சேர்த்துவிட்டார் ரோடான். அதனாலேயே சிலை நடக்கிறது. இப்படிப் பார்த்தால் ரோடான் என் நண்பர் பிள்ளையின் கட்சியில்தான் சேர வேண்டும். ஒரு வித்தியாசம் உண்டு. ரோடான் இரண்டு க்ஷணங்களைச் சேர்த்தார், மனிதன் எஞ்சினான். கறுப்புக் கண்ணாடி 256 விநாடிகளைச் சேர்க்கிறது, மனிதன் கரைந்து போகிறான்.

ஆகவே, கண் காணாததைக் காட்டினால் பொய் என்ற வாதம் நிற்காது. பையன் ஜெயித்துவிட்டான். ஆனால் கிழவி கேட்டது அந்தக் கேள்வி அல்லவே! ஆளுங்க எங்கே என்றுதான் அவள் கேட்டாள்.

இந்தக் கேள்வி புகைப்படத்தோடு கூடவே பிறந்த கேள்வி. பாரிஸ் நகரத்தில் தகேர் என்பவர், நாடக மேடைகளுக்குத் திரை எழுதிப் பேர் வாங்கியவர், 1838-இல் தம் ஜன்னலில் காமிராவை வைத்து 'புல்வார் து தாம்ப்ல்' என்ற வீதியைப் படம் பிடித்தார். நாடகக் கொட்டகைகள் நிறைந்த வீதி அது. அந்தக் கொட்டகைகளில் கொலையும் கொள்ளையுமாகவே நாடகங்கள் போட்டதால் 'குற்ற வீதி' என்று ஊரார் செல்லப் பெயர் வைத்திருந்தார்கள். வண்டியும் குதிரையும் ஜனங்களுமாக எப்போதும் ஜே ஜே என்றிருக்கும். தகேரின் வெள்ளித் தகட்டிலோ வீதி வெறிச்சோடிக் கிடக்கிறது. மரங்கள் இருக்கின்றன, மாடிகள் இருக்கின்றன, புகைபோக்கிகள் இருக்கின்றன. மனிதர்களைக் காணோம். அவருக்குக் கறுப்புக் கண்ணாடி தேவைப்படவில்லை. அந்தக் காலத்துத் தகடே அவ்வளவு மந்தம். பல நிமிஷங்கள் திறந்து வைத்தால்தான் உருவம் விழும். நாம் நூறு வருஷத்துக்கு மேல் பாடுபட்டுக் காமிராவுக்கு வேகத்தைக் கற்றுக் கொடுத்துவிட்டு, இப்போது கடையில் காசு கொடுத்து அந்தப் பழைய மந்தத்தை வாங்கிக்கொண்டு வருகிறோம் என்பது தனி வேடிக்கை.

அந்தப் படத்தின் இடது கீழ் மூலையில், நடைபாதை ஓரத்தில், ஒரு மனிதன் நிற்கிறான். ஒரு காலைத் தூக்கிப் பெட்டியின் மேல் வைத்திருக்கிறான். பூட்ஸுக்கு மெருகு போட்டுக்கொள்கிறான். அவ்வளவு நேரம் அசையாமல் நின்ற காரணத்தால் தகட்டில் விழுந்துவிட்டான். புகைப்படத்தில் அகப்பட்ட முதல் மனிதன் இவன்தான் என்று பொதுவாகச் சொல்லுகிறார்கள். தந்திக் கருவியால் பேர்பெற்ற அமெரிக்கர் மோர்ஸ், 1839 மார்ச் மாதத்தில் தகேரிடம் சென்று இந்தத் தகடுகளைப் பார்த்தார். வண்டிகளும் மனிதர்களும் ஓயாமல் நகரும் வீதி காலியாக இருப்பதையும், பூட்ஸ் துடைத்துக்கொண்ட ஒருவன் மாத்திரம் தங்கியிருப்பதையும் தம் சகோதரருக்கு வியந்து எழுதினார். அவன் பூட்ஸும் கால்களும் தெளிவாக இருக்கின்றன. அசைந்துகொண்டிருந்ததால் உடம்பும் தலையும் விழவில்லை என்று அந்தக் கடிதத்திலேயே ஆராய்ச்சி வேறு செய்திருக்கிறார்.

எனக்கு அவனைப் பற்றி அக்கறை குறைவு. அவன் காலடியில் குனிந்திருப்பவனைப் பற்றித்தான் யோசிக்கிறேன். நின்றவன் ஒரு மனிதன் என்று எவரும் உடனே சொல்லிவிடலாம். மெருகு போட்டவன் ஒரு கறை. 'இங்கே ஒருவன் இருந்திருக்க வேண்டும்' என்று ஊகித்துத்தான் தெரிந்துகொள்கிறோம். இரண்டு பேரும் ஒரே இடத்தில், ஒரே நேரம், ஒரே வெளிச்சத்தில் இருந்தார்கள். ஒருவன் சேவை பெற்றான், ஆகையால் நின்றான். மற்றவன் சேவை செய்தான், ஆகையால் அசைந்தான். தகேருக்கு இவன் மேல் துவேஷம் ஒன்றுமில்லை. வெள்ளித் தகட்டுக்கும் இல்லை.

இங்கேதான் 'நடுநிலை' என்ற அந்தக் கௌரவப் பட்டத்தைக் கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. இந்தக் கண்ணாடி நிறங்களுக்கு நடுவே நடுநிலை வகிக்கிறது. (அதுகூட முழு உண்மை அல்ல. மலிவான கண்ணாடிகள் படத்தில் பழுப்போ ஊதாவோ ஏற்றிவிடும். கண்ணாடி வாங்க வசதி இல்லாத சில பையன்கள் பற்றவைப்பவர்கள் முகத்துக்குப் பிடிக்கும் கண்ணாடியைக் காமிராவில் கட்டிக்கொண்டு எடுக்கிறார்கள். அது எல்லாவற்றையும் பச்சையாக்கிவிடும்.) ஆனால் நிற்பவனுக்கும் நகர்பவனுக்கும் நடுவே அது நடுநிலை வகிக்கிறதா? கணக்கைப் பாருங்கள். 256 விநாடிகளில் ஒரு படகு 256 விநாடியும் ஓரிடத்தில் இருக்கிறது. கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டு போகிறவள் அந்தப் படகுக்கு முன்னால் ஒரு விநாடி இருக்கிறாள். அவள் பங்கு 256-ல் ஒன்று. மீதி 255 பங்கும் படகுக்கும் மணலுக்கும் போய்விடுகிறது. அவள் எங்கே தெரிவாள்? ஒரு நிமிஷம் நின்று வலையை உதறினவன் மெல்லிய ஆவியாகத் தெரிவான். பகல் முழுவதும் திண்ணையில் உட்கார்ந்திருப்பவன் வெகு கம்பீரமாக விழுவான். இத்தனைக்கும் கண்ணாடி எவரிடமும் பாரபட்சம் காட்டவில்லை. எல்லோருக்கும் ஒரே விதிதான்: எத்தனை நேரம் அசையாமல் இருந்தாயோ அத்தனை பங்கு உனக்கு.

இந்த மாதிரி நடுநிலையை நாம் வாழ்க்கையிலும் நிறையப் பார்க்கிறோம். ஒரு காரியாலயத்தில், 'காலை பத்து மணிக்கு வந்து வரிசையில் காத்திருப்பவர்கள் யாராயினும் மனு வாங்கப்படும்' என்று பலகை தொங்குகிறது. யாராயினும் என்பதில் ஜாதியில்லை, பணமில்லை, சிபாரிசு இல்லை. மாதச் சம்பளக்காரர் லீவு போட்டுவிட்டு வந்து நிற்கிறார். அவருக்குக் கூலி குறைவதில்லை. சித்தாள் வேலை செய்கிறவள் நின்றால் அன்றைக்கு அடுப்பு எரியாது. அவள் மனு அந்த மேஜைக்கு வந்து சேருவதேயில்லை. மனு வாங்கும் அதிகாரி, 'எல்லாரையும் ஒன்றாகத்தான் நடத்தினேன்' என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்லலாம். அவர் சொல்வது பொய்யுமல்ல. வள்ளுவர் நடுவு நிலைமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கித் தராசை உதாரணம் காட்டினார். தராசு சரியாகவே இருக்கிறது. தட்டில் ஏறுவதற்கே சிலருக்கு நேரமில்லை என்றால் தராசு என்ன செய்யும்?

இதில் நம் ஜனத்தொகைக் கணக்கெடுக்கிறவர்கள் கொஞ்சம் யோசனையோடு நடந்திருக்கிறார்கள் என்பதை நான் சொல்லியாக வேண்டும். 2011-ஆம் வருஷக் கணக்கெடுப்பு பிப்ரவரி 9 முதல் 28 வரையில் வீடு வீடாக நடந்தது. வீட்டில் இருப்பவர்களுக்கு அந்த இருபது நாள் போதும். நடைபாதையிலும் ரயிலடியிலும் கோயில் வாசலிலும் படுத்துக்கொண்டு, இன்றைக்கு இங்கே நாளைக்கு அங்கே என்று இருப்பவர்களை அப்படி எண்ண முடியாது. ஆகையால் அவர்களை மட்டும் 28-ஆம் தேதி ஒரே ராத்திரியில் எண்ணினார்கள். நீண்ட நேரம் திறந்து வைத்தால் கரைந்து போகிறவர்களுக்கு ஒரு க்ஷணப் படம்! விதி எல்லோருக்கும் ஒன்று என்று விறைப்பாக நில்லாமல், யார் விழாமல் போவார்கள் என்று யோசித்து விதியைச் சிறிது வளைத்த அந்த உத்தியோகஸ்தர் யாரோ, அவர் பெயர் எனக்குத் தெரிந்தால் நன்றி எழுதுவேன்.

படத்திலிருந்து ஆட்கள் மறைவதால் என்ன குடி முழுகிவிடும் என்று நினைக்கலாம். காலியான படங்களுக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1861-இல் கார்ல்டன் வாட்கின்ஸ் என்ற புகைப்படக்காரர் கலிபோர்னியாவில் யோசெமிட்டிப் பள்ளத்தாக்கை ராட்சத அளவுக் கண்ணாடித் தகடுகளில் படம் பிடித்தார். மலையும் மரமும், கண்ணாடி போல் உறைந்த நீருமாக அற்புதமான படங்கள். அவற்றைக் கண்டவர்கள் மனம் இளகியது. 1864-இல் ஜனாதிபதி லிங்கன் கையெழுத்திட்டு அந்த இடம் பொதுஜனங்களின் உல்லாசத்துக்கென்று காப்பாற்றப்பட்டது. அதற்கு அந்தப் படங்களும் ஒரு காரணம் என்பார்கள். நல்ல காரியம், சந்தேகமில்லை. ஆனால் பத்து வருஷம் முன்னால், 1851-இல், அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த பழங்குடி மக்களை ஒரு பட்டாளம் புகுந்து, குடிசைகளைக் கொளுத்தி விரட்டியிருந்தது. பலர் திரும்பி வந்து அந்தப் பள்ளத்தாக்கிலேயே வாழ்ந்துகொண்டுதான் இருந்தார்கள். அங்கே மனிதர்களை விரட்டியது காமிரா அல்ல, துப்பாக்கிதான். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் தொலைவிலிருந்து படத்தைப் பார்த்தவர்களுக்கு, 'மனிதன் காலடி படாத இடம்' என்ற நினைப்பு எவ்வளவு சுலபமாக வந்திருக்கும்! காலியாகத் தெரிகிற இடத்தை யாரும் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம் என்று மனசு சொல்லும். நம் கடற்கரையிலும் உல்லாச விடுதி கட்ட வருகிறவர்கள் அச்சடிக்கும் வர்ணப் புத்தகங்களைப் புரட்டிப் பாருங்கள். பால்போன்ற கடல், ஒற்றைத் தென்னை, வெறும் மணல். வலை உலர்த்துகிறவன் ஒருவன்கூட இருக்கமாட்டான். இப்போது கண்ணாடிகூட வேண்டாமாம். ஓரிடத்தில் நின்று பல படங்கள் எடுத்து ஒன்றின்மேல் ஒன்று அடுக்கினால், நடமாடுகிற ஆட்களை யந்திரமே துடைத்துக் கொடுத்துவிடுகிறதாம். கைபேசிக்குள்ளேயே அந்த வித்தை வந்துவிட்டது.

புகைப்படக்காரர்களை மட்டும் குறை சொல்லிக்கொண்டு போனால் நியாயமில்லை. கதை எழுதுகிற ஜாதியிடமும் ஒரு கறுப்புக் கண்ணாடி இருக்கிறது. 'பத்து வருஷங்கள் உருண்டோடின' என்று ஒரு வரி எழுதினால் போதும். அந்த ஒரு வரியில் எது தங்குகிறது? பெரிய வீடு தங்கும். கூடத்து ஊஞ்சல் தங்கும். சாய்வு நாற்காலியில் சாய்ந்த தாத்தா மிகத் தெளிவாகத் தங்குவார். அந்தப் பத்து வருஷமும் விடியற்காலையில் எழுந்து சாணம் தெளித்தவள், தண்ணீர் இழுத்தவள், மாவு அரைத்தவள், பாத்திரம் துலக்கியவள் எல்லாரும் ஆவியாகிவிடுவார்கள். 'காபி வந்தது' என்று நம் நாவல்களில் அடிக்கடி வருகிறது. காபி எங்கேயாவது தானாக நடந்து வருமா? காபியை யாரோ கொண்டு வந்திருக்கிறாள். அவள் நகர்ந்துகொண்டே இருந்தபடியால் வாக்கியத்தில் விழவில்லை.

அப்படியானால் எல்லாரையும் எல்லாவற்றையும் விடாமல் எழுதிவிடலாமே என்றால், அதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. ஹிரோஷி சுகிமோட்டோ என்ற ஜப்பானியர் 1970-களின் பிற்பகுதியில் ஒரு விசித்திரமான காரியத்தைத் தொடங்கினார். சினிமாக் கொட்டகைக்குள் காமிராவைக் கொண்டுபோய் வைத்து, படம் ஆரம்பிக்கும்போது காமிராவைத் திறந்து, படம் முடியும்போது மூடினார். இரண்டு மணி நேரப் படம் என்றால் விநாடிக்கு 24 வீதம் 1,72,800 சட்டங்கள் திரையில் ஓடி மறைந்திருக்கும். காதல், சண்டை, கண்ணீர், கல்யாணம் எல்லாம் அதில் அடக்கம். ஒன்றைக்கூட அவர் விடவில்லை. கிடைத்தது என்ன? கொட்டகையின் சுவர்ச் சித்திர வேலைப்பாடுகள் துல்லியமாகத் தெரிகின்றன; நடுவே திரை வெள்ளை வெளேரென்று பிரகாசிக்கிறது. ஒரு மனிதர் இல்லை, ஒரு கதை இல்லை. எல்லாவற்றையும் சேர்த்ததாலேயே எதுவும் எஞ்சவில்லை. எதை விடுவது என்று தீர்மானிக்கும் பொறுப்பிலிருந்து கலைஞன் தப்பித்துக்கொள்ளவே முடியாது என்று அந்த வெள்ளைத் திரையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும். கண்ணாடியின் மேல் பழியைப் போட்டுவிட்டு, 'நான் ஒன்றும் செய்யவில்லை. நாலு நிமிஷம் கைகட்டி நின்றேன், அவ்வளவுதான்' என்று சொல்வது செல்லாது. எங்கே முக்காலியை ஊன்றுவது, எத்தனை நேரம் திறப்பது, யார் கரைந்துபோனாலும் பாதகமில்லை என்பதையெல்லாம் கண்ணாடி மாட்டுவதற்கு முன்பே அவன் தீர்மானித்தாகிவிட்டது.

என் நண்பரின் பிள்ளையிடம் நான் படத்தைக் குறை சொல்லவில்லை. 256 விநாடி ஒரு கரையில் எது நின்றது என்பதை அந்தப் படம் சரியாகத்தான் சொல்கிறது. கீழே எழுதியிருந்த பெயர்தான் எனக்கு ஒப்பவில்லை. காமிரா சொல்லாத ஒன்றை அந்த ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறது. அந்த நாலு நிமிஷமும் அங்கே வலையை இழுக்கும் கூச்சலும், விலை கூவும் சத்தமும், படகு தள்ளுகிறவர்களின் ஏலேலோவும் காதைப் பிளந்துகொண்டிருந்திருக்கும். அவனும் அதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றான். என் அபிப்பிராயத்தைச் சொன்னேன். அவன் பதில் சொல்லவில்லை. மாற்றச் சொல்லி நான் வற்புறுத்தவும் இல்லை, படம் அவனுடையது.

அவனிடம் காட்டுவதற்கென்று நான் ஒரு படத்தைத் தேடி எடுத்து வைத்திருக்கிறேன். ருஷியாவில் பீட்டர்ஸ்பர்க் நகரத்துப் புகைப்படக்காரர் அலெக்ஸி டிடாரென்கோ எடுத்தது. 1991-இல் சோவியத் யூனியன் குலைந்தது. அதைத் தொடர்ந்து வந்த நாட்களில் அந்த நகரத்து ஜனங்கள் ரொட்டிக்கும் பாலுக்கும் கடை கடையாக அலைந்தார்கள். வாஸிலியோஸ்திரோவ்ஸ்கயா என்ற சுரங்க ரயில் நிலையத்தின் வாசலில் டிடாரென்கோ காமிராவை வைத்தார். அவரும் கதவை வெகு நேரம் திறந்தே வைத்தார். ஜனங்களும் கரைந்துதான் போனார்கள். ஆனால் அவர் ஆள் ஓயாத இடமாகப் பார்த்து, அவர்கள் முழுக்க மறைந்துபோகாத அளவுக்குத்தான் திறந்தார். முகங்கள் போய்விட்டன, தோள்கள் போய்விட்டன. படிக்கட்டில் ஒரு பெரிய புகைமேகம் முட்டி மோதிக்கொண்டு ஏறுகிறது. அது ஜனக்கூட்டம் என்று குழந்தைக்கும் தெரியும். 'நிழல்களின் நகரம்' என்று அந்த வரிசைக்குப் பெயர் வைத்தார்.

நெரிசலில் ஏறுகிறவர்கள் விழாமல் இருப்பதற்காகப் பக்கத்துக் கைப்பிடிக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். பிடித்த கை ஒவ்வொன்றும் சற்று நேரம் அங்கேயே இருந்திருக்கிறது. ஆகையால் அந்த மேகத்தின் ஓரத்தில், கம்பியின் நெடுக, கைகள் மட்டும் தெரிகின்றன.